தாழ்ந்த வண்டியில் நாலடுக்கு கேக்

கேக்கக்கா அடுக்கும் கேக்கின் உச்சியில் மேகம் உரசும். சரி, மேகம் கொஞ்சம் அதிகம்தான். மின்விசிறி உரசும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவள் வீட்டு மின்விசிறி தாழ்வாகத்தான் தொங்கும்.

தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். தோழியின் பிறந்தநாளுக்கு விளையாட்டாக ஒரு கேக் செய்யப்போய், அதோடு ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஊருக்கே கேக்கக்கா ஆகிவிட்டாள். ஆனாலும் கை தையல்காரியின் கைதான். கேக்கின் ஓரத்தில் அவள் க்ரீமில் பிழிந்த லேஸை நிஜத் துணி என்று நம்பி, ஒரு பெரியவர் இழுத்தே பார்த்திருக்கிறார்.

செய்வதில் ஒரு குறையும் இல்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் வில்லங்கம். போன வருடம் ஒரு வீட்டின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். ஏரி ரோட்டின் பெரிய வளைவில் கார் சாய்ந்தது, கூடவே கேக்கும் சாய்ந்தது. பிறகு கார் நிமிர்ந்துகொண்டது, கேக் நிமிரவில்லை. பெண்ணின் அம்மா நல்லவர், சிரித்துச் சமாளித்துவிட்டார். இப்போது இளைய பெண்ணின் கல்யாணத்துக்கும் அவளையே கூப்பிட்டிருந்தார்.

“இதுவும் சாஞ்சா, இனிமே தட்டு கேக்தான். அடுக்கு கேக்கை வாழ்க்கையில தொடமாட்டேன்” என்று சமையலறையில் நின்று அறிவித்தாள். சொன்னால் செய்கிற ஜாதி. வீடே கலங்கிப்போனது.

கார் பட்டறை வைத்திருந்த தம்பிதான் வழி சொன்னான். “அக்கா, குத்தம் கேக்குல இல்ல. உன் வண்டிதான் ஒட்டகம். ஒரு நாள் என்கிட்ட விடு.”

மறுநாள் கார் தரையோடு தரையாகத் திரும்பி வந்தது. பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, குட்டையாகவும் கெட்டியாகவும் புதிது போட்டு, அதற்குத் தோதான ஷாக் அப்சார்பர்களையும் மாட்டியிருந்தான்.

“என்ன அண்ணி, வண்டி உக்காந்துடுச்சு?” என்றாள் நாத்தனார். “இனிமே இதுலேருந்து இறங்க முடியாது, எந்திரிக்கத்தான் முடியும்.”

“சிரிங்க, சிரிங்க” என்றான் தம்பி. “வண்டியோட கனம் கீழ வந்துடுச்சு. வளைவுல முன்ன மாதிரி சாயாது. ஆனா வெளிப்பக்கம் இழுக்கிற இழுப்பு அப்படியேதான் இருக்கும். அதனால மெதுவாத்தான் திருப்பணும்.”

ஒத்திகைக்கு ஒரு கிண்ணம் நிறைய ஜெல்லி செய்து, நாத்தனார் மடியில் வைத்துப் புறப்பட்டார்கள். வளைவுகளில் ஜெல்லி லேசாக ஒதுங்கி, மரியாதையாக இடத்துக்குத் திரும்பியது. முதல் வேகத்தடையில் கிண்ணத்தை விட்டு எழுந்து நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“இதை நீ சொல்லவே இல்லியேடா!” என்றாள் கேக்கக்கா.

“குட்டை ஸ்பிரிங்க்கா. அமுங்க இடம் கம்மி. மேடு பள்ளம் வந்தா தூக்கித்தான் போடும்.”

கல்யாணத்தன்று நாலடுக்கு கேக் காரின் பின்பக்கம் ஏறியது. அதன் பக்கத்தில் நாத்தனார்; முன்னால் ஓட்டுவதற்குக் கேக்கக்கா, அவளருகே தம்பி. மண்டபத்துக்கு இரண்டு வழி. ஒன்று கடைத்தெரு வழி. ஊசி போல் நேராகப் போகும், ஆனால் நெடுக வேகத்தடை. இன்னொன்று அந்த ஏரி ரோடு. வளைவுக்கு மேல் வளைவு, ஆனால் கண்ணாடி மாதிரி வழவழப்பு.

“நேர் ரோட்டுலயே போயிடலாம் அண்ணி. அந்த வளைவுலதானே போன தடவை கேக் சாஞ்சுது.”

கேக்கக்காவும் அதை மறக்கவில்லை. கடைத்தெருப் பக்கம் ஒரு முறை, ஏரிப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு, “ஜெல்லி எந்த இடத்துல குதிச்சுது? வளைவுலயா, மேட்டுலயா?” என்று கேட்டாள். “மேட்டுலதான்” என்று நாத்தனார் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினாள்.

வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, க்ரீம் பையைப் பிழிகிற பதத்தில், விட்டுவிடாமல் ஒரே சீராக ஸ்டியரிங்கைத் திருப்பினாள். பழைய வண்டியாக இருந்தால் படகாக ஆடியிருக்கும். இது ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. அந்தப் பெரிய வளைவும் வந்தது.

“கேக் எப்படிடீ இருக்கு?”

“தெரியல அண்ணி. கண்ணை மூடியிருக்கேன்.”

“திறந்து பாரு!”

“...அண்ணி! நிக்குது! போலீஸ்காரர் மாதிரி நிக்குது!”

காருக்குள் எழுந்த கூச்சலில் ஏரிக்கரைக் கொக்குகள் பறந்தன.

மண்டப வாசலில் ஒரு மேடு. கார் அதில் ஏறியதும் அடிவயிறு ‘கர்ர்ர்’ என்று உரசியது. தம்பி இறங்கிக் குனிந்து பார்த்தான். “ஒரு விரல் இடம் பத்தலக்கா. பின்னாடி கொஞ்சம் வாங்கு.” நாத்தனாரையும் இறங்கச் சொன்னான். அவள் இறங்கியதும் கார் மூச்சை இழுத்துவிட்டதுபோல் மேலே எழும்பியது.

“பாத்தீங்களா, யார் கனம்னு!” என்றான்.

“ஏன், நீங்க காத்தா? நீங்களும்தானே இறங்குனீங்க?”

கேக்கக்கா எறும்பாக ஊர்ந்து மேட்டைத் தாண்டினாள். இந்த முறை உரசவில்லை.

கேக் மேடையேறியது. பெண்ணின் அம்மா வந்து கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து அதைப் பார்த்தார். போன வருடப் பழக்கம்.

“இந்தத் தடவை நேராவே பாக்கலாம்மா” என்றாள் கேக்கக்கா. அந்த அம்மா கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. கேக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

“அத்தனை வளைவுல வந்திருக்கேன். ஒரு பொட்டு அசையலைங்க! வீட்டுல எப்படி வச்சேனோ அப்படியே வந்து சேர்ந்திருக்கு!”

“அண்ணி,” என்றாள் நாத்தனார், “பின்பக்கம் ஒரு சர்க்கரை ரோஜா விழுந்துச்சே. வாசல்ல உரசினப்ப.”

“ஐயையோ! எங்கடி அது?”

“நல்லா இருந்துச்சு அண்ணி.”