மிச்சமெல்லாம் டாட்டா

செய்தி போய்ச் சேர்ந்தபோது காலை பத்தரை மணி. அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, என் கணவரின் நண்பர் கத்திரி ஒரு கவிதையின் கடைசி இரண்டு வரிகளை நீக்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனை வராந்தாவிலிருந்து நான்தான் பேசினேன். "அவர் போயிட்டார்" என்றேன். "சரி அண்ணி" என்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வரிகளின் முடிவில் அடைப்புக்குறியை மூடி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். இதை எனக்கு வேறு யாரும் வந்து சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். "அடைப்ப மூடிட்டுத்தாங்க எழுந்தேன். நானெல்லாம் ஒரு மனுசனா?" எந்த அடைப்பு, எதை மூடினார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. பாவம், உளறுகிறார் என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அவருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது. மற்ற நேரமெல்லாம் பத்திரிகை. அவரும் என் கணவருமாக ஒரு சிற்றிதழ் நடத்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று அட்டையில் போட்டிருக்கும், வந்தால் வந்ததுதான். ஆசிரியர் குழுவே இரண்டு பேர் என்பதால் ஒருவரை ஒருவர் 'தலைவரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். தொண்டர் என்று யாருமில்லை. உறையில் தபால்தலை ஒட்டுவதற்கு நான் இருந்தேன். அலுவலகம் எங்கள் வீட்டு முன்னறை. கிடங்கு எங்கள் கட்டிலுக்கு அடியில். விற்காத இதழ்கள் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கட்டிலின் கால்கள் தரையைவிட்டு எழும்பிவிட்டன. "இலக்கியத்தின் மேல படுத்திருக்கோம், தூக்கம் வராம என்ன செய்யும்?" என்பார் என் கணவர்.

கத்திரி என்பது என் கணவர் வைத்த பெயர். யார் எழுதியதாக இருந்தாலும் சரி, கத்திரி படிக்க ஆரம்பித்தால் பென்சில் காதிலிருந்து இறங்கிவிடும். எங்கே வேண்டாமோ அங்கே ஓர் அடைப்பு திறக்கும். எங்கே மறுபடி வேண்டுமோ அங்கே மூடும். நடுவில் உள்ளது போய்விடும். பெரும்பாலும் கடைசியில்தான் கை வைப்பார். "கதை இங்கயே முடிஞ்சிருச்சு. மிச்சமெல்லாம் டாட்டா காட்டுறது. பஸ்ஸு கெளம்பின பிறகும் கையாட்டிட்டே ஓடி வர்றாரு பாருங்க" என்பார்.

கவிதை எழுதும் பல் மருத்துவர் ஒருவர் இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார். "என்னக் கேக்காம எப்படிய்யா வெட்டலாம்?" கத்திரி அசரவில்லை. "பல்லப் பிடுங்கும்போது நீங்க கேட்டுட்டா பிடுங்குறீங்க?" என்றார். "கேட்டுட்டுத்தான்யா பிடுங்குறேன்!" என்று மருத்துவர் கத்திய கத்தலில் என் கணவர் சிரித்து, புரையேறி, மருத்துவரே முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தன் மகளின் கல்யாண அழைப்பிதழையும் கத்திரி விடவில்லை. அழகாக ஐந்து வரியில் முடித்தார். பெயர் விட்டுப்போன சித்தப்பாக்களும் மாமாக்களும் பந்தி முடிகிற வரைக்கும் அவரோடு பேசவில்லை.

அவர் படிக்கிறாரா, படிப்பதுபோல உட்கார்ந்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிட்டப்பார்வைக்காரர். உண்மையில் படிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோவார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தால் அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். வேண்டாதவர்கள் எழுத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது நானும் என் கணவரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். எங்கள் இருவருக்கும் அதில் பல வருடச் சிரிப்பு.

முதல் இதழிலேயே இருவரும் ஒரு விதியை அச்சிட்டிருந்தார்கள்: நடத்துகிறவர்களின் எழுத்து இந்தப் பத்திரிகையில் வராது. அதில் இருவருக்கும் தாங்க முடியாத பெருமை. ஆனால் என் கணவர் ஒரு கதை எழுதினார். வேறு எங்கும் அனுப்பவில்லை. "போட வேணாம் தலைவரே. படிச்சுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றுதான் கொடுத்தார். "படிச்சா போடணும்னு தோணும், போட்டா விதி போச்சு. எதுக்கு வம்பு?" என்று கத்திரி சிரித்தார். அவரும் சிரித்தார். கதை மேசையிலேயே கிடந்தது. அதன்மேல் பசை டப்பாவை வைக்கப் போனால் மட்டும், என் கணவர் எதுவும் சொல்லாமல் டப்பாவைத் தள்ளி வைப்பார்.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு அந்தக் கதையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒருநாள் கத்திரி பார்க்க வந்தபோது எடுத்து நீட்டினார். "எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லு தலைவரே. எனக்குத் தெரியல."

கத்திரி வாங்கினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று நிதானமாகவே புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். "நல்லா வந்திருக்கு. எல்லாம் சரியா இருக்கு. கை வைக்கவே வேணாம்" என்றார்.

கண்ணாடி மூக்கில் இருந்தது.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மருந்துப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "அப்பாடா, கத்திரிகிட்ட தப்பிச்ச ஒரே ஆளு நான்தான்" என்று சொல்லிவிட்டு, தாள்களை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கதையைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாக் காரியமும் முடிந்து, அடுத்த இதழுக்காக முன்னறையில் மறுபடி கூடினோம். பக்கம் அமைக்கும் பெண் வந்திருந்தாள். நல்ல பெண், மனதில் எதுவும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "சார், இனிமே ஆசிரியர் குழுவுல அவர் பேர் வராதுல்ல? அப்ப அந்த விதி அவருக்குக் கெடையாதே. கதையப் போட்டுடலாமே" என்றாள்.

கத்திரியின் முகம் சட்டென்று வெறுமையாகிவிட்டது. நான் உறைகளை அடுக்குவதை நிறுத்தாமல், "போடலாமே. தம்பிதான் முன்னாடியே படிச்சிட்டாரே. எட்டுப் பக்கம் விடும்மா" என்றேன்.

அந்தப் பெண் குறித்துக்கொண்டு கிளம்பினாள். அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது.

"நான் படிக்கல அண்ணி."

"தெரியும்."

"அவருக்கு?"

"அவருக்கும்தான். உங்க கண்ணாடி ஏறலியே."

அவருடைய கை தானாக மூக்குக்குப் போயிற்று. கண்ணாடியைத் தொட்டது, எடுக்கவில்லை. மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போல அப்படியே இருந்தார். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. தேம்பி அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் படிக்கல?"

"நல்லா இல்லேன்னா என்ன அண்ணி செய்யுறது? மறுநாள் இதே மேசைல எதிர்ல வந்து உக்காரணுமே. ஊர்ல இருக்கறவன் எழுத்தெல்லாம் சரக் சரக்குன்னு வெட்டிட்டேன். இவர்கிட்ட பொய் சொல்லவும் வராது."

"வந்துச்சே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, நல்லா இருந்திருந்தா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பசை டப்பாவின் மூடியில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். "அதுக்கும்தான் பயம்" என்றார்.

நான் உள்ளே போய்க் கதையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். தலையணைக்கு அடியில் இருந்ததில் தாள்களின் ஒரு மூலை மடங்கியிருந்தது. அதை அவர் விரலால் நீவி நீவிச் சரிசெய்தார். அது நிமிரவில்லை. பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

படித்தார். மூக்கு தாளில் உரசுகிற மாதிரி படித்தார். இரண்டாம் பக்கத்தில் பென்சில் காதிலிருந்து இறங்கியது. ஓர் அடைப்பு திறந்தது, மூடியது. என்னைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். "ம்" என்றேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நான்காம் பக்கத்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு. ஒவ்வொன்றும் சுத்தமாகத் திறந்து சுத்தமாக மூடியது. ஓரிடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பல் மருத்துவரை என் கணவர் கதைக்குள் கொண்டுவந்திருந்தார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மெதுவானார். கடைசிப் பத்தி ஆறு வரி. அதற்கு முன்னால் பென்சில் நின்றது. அங்கே ஓர் அடைப்பைத் திறந்தார்.

"இங்கதான் அண்ணி முடியுது" என்றார்.

"மிச்சம்?"

வழக்கம்போல 'டாட்டா' என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். பென்சிலை அந்த ஆறு வரிகளின் முடிவுக்குக் கொண்டுபோனார். அங்கே தாளைத் தொடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் காதில் செருகிக்கொண்டு, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, "கடையத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று கடைக்கு விடுமுறை.

பக்கம் அமைக்கும் பெண் தினமும் கேட்கிறாள். எட்டுப் பக்கம் அப்படியே நிற்கிறது. கதை முன்னறை மேசையில்தான் இருக்கிறது, பசை டப்பா தள்ளி இருக்கிறது. கடைசிப் பத்திக்கு முன்னால் ஓர் அடைப்பு திறந்திருக்கிறது. அது இன்னும் மூடப்படவில்லை.