கட்டின வாயை அவிழ்த்த ஆத்தா

வாய் திறக்கலைன்னா மனுஷன் தனக்குள்ளேயே அடைபட்டுப் போறான். எனக்கு அது நடந்துச்சு.

குடவாசல் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுது. எனக்கு நாக்குல புற்று வந்து, தஞ்சாவூர்ல கதிர்வீச்சு கொடுத்தாங்க; எங்க பக்கம் கரண்ட் வைக்கறதும்போம். புற்று போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். அந்தப் பள்ளம் மூடவே இல்ல. உள்ளே வெள்ளையா எலும்பு தெரிஞ்சுது. தாடை இறுகி ஒரு விரல்தான் நுழையும். நாத்தம் வேற. தை மாசம் வீட்டுல புது அரிசிப் பொங்கல். எனக்கு மிக்சியில அடிச்ச கஞ்சி. பேசினா யாருக்கும் புரியல. பேச்சையே விட்டுட்டேன்.

"கரண்ட் பட்ட எலும்புக்கு ரத்தம் சரியாப் போகல," ன்னாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "ரத்த ஓட்டத்துக்கு ஒரு மாத்திரை, கூட வைட்டமின் ஈ தர்றேன். மாசக்கணக்காகும். எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல முடியாது. கேட்கலைன்னா தாடையை வெட்டி எடுக்கணும்."

என் மனைவி செல்வி வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி வேண்டிக்கிட்டா. பிழைச்சவங்க செத்தவங்களைப் போலப் பாடையில படுத்துக் கோயிலைச் சுத்தி வர்ற வேண்டுதல். நானும் மனசுக்குள்ள ஆத்தாவைக் கூப்பிட்டுக்கிட்டே மாத்திரையை முழுங்கினேன். மாசம் மாசமாப் போச்சு, ஒண்ணும் மாறல. தாடை போயிடும்னே முடிவு பண்ணிட்டேன்.

ஆடியில வாய் கொப்புளிக்கறப்போ நகம் மாதிரி ஒரு எலும்புத் துண்டு கையில விழுந்துச்சு. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க.

"செத்த எலும்பு தானா கழண்டிருக்கு. கீழே சதை மூடிக்கிட்டு வருது. வெட்ட வேண்டாம்."

பங்குனிக்குள்ள பள்ளம் மூடி, தாடையும் கொஞ்சம் கொஞ்சமா இளகிச்சு. வேண்டுதலைத் தீர்க்கப் பாடையில படுத்தேன். மச்சினன் துணியோட தாடையைக் கட்ட வந்தான். செல்வி அழுதுட்டா.

"அந்த வாயை மட்டும் கட்டாத தம்பி."

"வாயைப் பொளந்துகிட்டுக் கிடந்தா பொணம்னு யாரு நம்புவா, அக்கா?"

பூசாரி சொன்னார்: "கட்டட்டும்மா. கட்டினாத்தானே ஆத்தா அவுப்பா?"

கட்டினாங்க. தூக்கினாங்க. அந்தப் பழைய அடைப்பு திரும்பவும் நெஞ்சுல ஏறுச்சு. மூச்சு முட்டுது, சொல்ல முடியல. கோயிலைச் சுத்தி இறக்கினதும் முகத்துல தீர்த்தம் பட்டுச்சு. பூசாரி முடிச்சை அவுத்தார்.

"கூப்பிடுய்யா அவளை!"

வாயைத் திறந்தேன். "ஆத்தா!" கூட்டமே திரும்பிப் பார்த்துச்சு.

இப்போ சோறு பிசைஞ்சு உருட்டித் திங்கறேன். வாயில கரண்ட் வச்சுக்கிட்டவங்க யாரைப் பார்த்தாலும், பல்லுல கை வைக்கறதுக்கு முன்னாடி கரண்ட் வச்ச டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்றேன். மருந்து சாப்பிட்டும் குணம் தெரியலையேன்னு தவிக்கறவங்க இருப்பீங்க. மருந்தை நிறுத்திடாதீங்க. சத்தம் வராட்டாலும் அவளைக் கூப்பிடுங்க. அவளுக்குக் கேட்கும்.