தாடையில் கேட்ட சத்தம்

சிதம்பரத்தில் நண்பர் சேகரித்து வைத்திருக்கும் பழைய எலெக்ட்ரிக் கிதார் ஒன்றை மடியில் வாங்கியதும், மரப்பாலிஷும் துருவேறிய கம்பியும் கலந்த அதன் வாசனை, திருப்பாதிரிப்புலியூரில் இடிக்கப்பட்டுவிட்ட அந்த மாடி அறைக்கு என்னைக் கொண்டுபோனது. அம்மாவின் தம்பியான மாமாவின் கச்சேரிக் குழு அங்கேதான் மாலைதோறும் ஒத்திகை பார்க்கும். பிறவியிலேயே காது கேட்காத என் தங்கை ஜெனியும் நானும் சுவரோரம் உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் கரண்ட் போய் ஆம்ப்ளிஃபையர் அடங்கியது. உள்ளே குடைவில்லாத முழு மரக்கட்டையால் ஆன மாமாவின் சிவப்புக் கிதார், கொசுச் சத்தம் அளவுக்குத்தான் முனகியது. மாமா என்ன நினைத்தாரோ, ஜெனியை அருகே அழைத்து, அவள் தாடையைக் கட்டையின் விளிம்பில் வைத்து, தடித்த கம்பியை மீட்டினார். திடுக்கிட்டு விலகியவள், பிறகு தானாகவே தாடையை வைத்துச் சிரித்தாள்.

“அக்கா, மேல வா, இவளுக்குக் கேக்குது!” என்று மாமா கத்தினார்.

எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மா படியேறி ஓடிவந்தாள். ஜெனி அம்மாவின் கழுத்தில் தாடையை அழுத்திக் காத்திருந்தாள். கேட்காத பிள்ளையிடம் பேசுவதையே விட்டிருந்த அம்மா, தயங்கித் தயங்கி, “ஜெனி” என்றாள்.