மார்கழி வெள்ளரிக்காய்

கண்டியில் இன்று மார்கழிக் காலைப் பனியில் மனைவி வெள்ளரிக்காய் நறுக்கினாள். அந்தப் பச்சை வாசம் என்னைப் நான் வளர்ந்த பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

மார்கழியில் அம்மா எங்களைக் குளிர்ச்சியான எதையும் தின்ன விடமாட்டார். கொத்தமல்லித் தண்ணியும் மிளகு ரசமும்தான். ஒரு வருஷம் காய்ச்சலில் கிடந்த தங்கை வெள்ளரிக்காய் கேட்டாள்.

"பனி முடியட்டும் பாப்பா. தை பொறந்ததும் வாங்கித் தாரேன்" என்றார் அம்மா.

தங்கை தையைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் அம்மா ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி, உப்புத் தூவி, வாசலில் வைப்பார். விடிந்தால் தட்டு வெறுமையாக இருக்கும். யார் தின்றது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

இன்று இருமிக்கொண்டே என் மகள் கை நீட்டினாள். "அப்பா, எனக்கு ஒரு துண்டு."

"பனி முடி..." என்று தொடங்கினேன்.

உள்ளறையில் படுத்திருந்த என் அம்மாவின் குரல் வந்தது. "குடுத்துருப்பா. தை பொறக்கட்டும்னு வச்சிருக்காத."