டஸ்ட் என்றால் டஸ்ட்தான்

‘உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். கட்டுமஸ்தான தேகம். ஆயுதப் பயிற்சி பெற்றவர். பெறுமதியான பொருட்கள் வாசலைத் தாண்டாமல் தடுப்பதில் தேர்ச்சியுள்ளவர்.’ பாதுகாப்பு நிறுவனம் கொடுத்த அட்டையில் கணபதியைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஐந்தடி இரண்டு அங்குலக் கணபதி, இன்னும் விலை கொடுக்காத ஒரு வைர மோதிரத்தோடு மாத்தளை நகைக்கடையின் வாசலைத் தாண்டி நடைபாதையில் நிற்கிறார். அவரிடமுள்ள ஒரே ஆயுதம் கறுப்புக் குடை. அதை விரித்து, அதன் நிழலில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வாங்க வந்த பெண் கண்ணாடிக் கதவுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கடைக்குள் எழுபது மின்குமிழ்கள் எரிகின்றன. கணபதிக்கு அவற்றில் ஒன்றின்மேலும் நம்பிக்கையில்லை. “அந்த வெளிச்சத்துல ஒங்க சட்டப் பொத்தானும் வைரந்தாங்க” என்பார். சரி, வெயிலில் பார்க்கலாமே என்றால் அதுவும் ஆகாது. “வெயில்ல ஒடைஞ்ச சோடாப் போத்தலும் ராசா மாதிரி நிக்கும். நெழல்ல மினுங்கணும். நல்ல கல்லு அடங்கித்தாங்க பேசும். கலர் கலராக் கத்துதுன்னா அது வாயாடி.”

இந்த ஞானம் வைரத்திலிருந்து வந்ததல்ல. றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறையில், இருபத்திரண்டு வருடம் தூள் தரம் பிரித்தவர் அவர். தொழிற்சாலை மூடப்பட்டது, கண் மூடவில்லை. வைரத்துக்கென்று உலகம் வைத்திருக்கும் எழுத்துகளும் இலக்கங்களும் அவருக்கு வேண்டாம். தேயிலையின் இரண்டு தரங்கள் போதும். நல்ல கல் பி.ஓ.பி.; மற்றதெல்லாம் டஸ்ட். யாராவது தரச்சான்றிதழை நீட்டினால் மரியாதையாக வாங்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். “சர்ட்டிபிகேட்ட நீங்க வாசிச்சுக்கிங்க. கல்லுக்கு வாசிக்கத் தெரியாது.”

தீர்ப்பை வாயால் சொல்லுமுன் கை சொல்லிவிடும். பி.ஓ.பி. என்றால் உள்ளங்கையில் வைத்து, கோயில் பிரசாதம் போல நீட்டுவார். டஸ்ட் என்றால் இரு விரலால் பிடித்துக் கொடுத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைப்பார். கடைக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் இது ஒருமுறையும் மாறியதில்லை. குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பிய அழகம்மா, எஜமானி கழற்றிக் கொடுத்த மோதிரத்தைக் கொண்டுவந்தபோதும் துடைத்தார். அழகம்மா படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப அந்தப் பொம்பளையவும் ஒருத்தன் ஏமாத்தித்தான் இருக்கான்!”

தன் கடைச் சரக்கைத் தன் காவலாளியே டஸ்ட் என்கிறாரே, கடைக்காரர் ஜவாஹிர் ஹாஜியார் ஏன் பொறுத்துக்கொள்கிறார்? கேட்டால் குரலைத் தாழ்த்துவார். “கணபதி வாணான்னு சென்னா ஆக்கள் அடுத்த கடைக்குப் போறல்ல. திரும்பி வந்து என்னட்டயே அதவிடப் பெரிய சாமானா எடுக்கிறாங்க. அவர மாதிரி ஒரு சேல்ஸ்மேன் எனக்கு எங்க கெடைக்கும்?”

அப்படிப்பட்ட ஹாஜியாரின் மகள் நுஸ்லாவுக்குப் போன மாதம் பல்லேபொல வீட்டுக்கு மோதிரம் போட வந்தார்கள். மாப்பிள்ளை நப்லான், லக்கலயில் கணித ஆசிரியர். மோதிரம் வைரம், கொழும்பில் வாங்கியது என்று அவருடைய தாய் றஹீமா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஹாஜியார் முப்பது வருட வைர வியாபாரி. ஆனால் சம்பந்தி முன்னால் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தால் மானம் போகும். ஆகவே வீட்டுக் கேற்றில் கணபதியை நிறுத்தினார். “டஸ்ட்டுன்னா மட்டும் செல்லுங்க. இந்தச் சம்பந்தத்த இன்டைக்கே நிப்பாட்டிருவன்.”

அரைமணி நேரம் கழித்து நுஸ்லா ஒரு தட்டில் வட்டிலப்பத்தோடு கேற்றுக்கு வந்தாள்.

“கணபதி மாமா, அது கொழும்புச் சாமான் இல்ல. லக்கலயிலிருந்து போய்வர லீவு கெடைக்கல்லன்னு ஒன்லைன்ல எடுத்திருக்கிறார். அவர்ட உம்மாக்குத் தெரியாது.”

“ஒன்லைன்லயா? நெழல் இல்லாத எடமாச்சே, பாப்பா.”

“வைரமில்லாட்டியும் எனக்குப் பரவால்ல. ஆள் பி.ஓ.பி.தான், அத நான் பார்த்துட்டன். நீங்க டஸ்ட்டுன்னு மட்டும் செல்லிராதீங்க.”

“டஸ்ட்டுன்னா டஸ்ட்டுதாங்க பாப்பா. தோட்டத்துத் தொரைக்கே நான் மாத்திச் சொன்னதில்ல.”

நுஸ்லா பாதி சாப்பிட்ட வட்டிலப்பத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. றஹீமா இறங்கியதும் ஹாஜியார் குழைந்தார். “தப்பா எடுக்காதீங்க, இன்சூரன்ஸ்காரன்ட ரூல். ஊட்டுக்குள்ள வாற நகையெல்லாம் கேட்ல செக்குரிட்டி பார்க்கணும்.” அப்படியொரு காப்புறுதி மாத்தளை மாவட்டத்தில் கிடையாது.

“எங்கட மோதிரத்தயா வோச்சர் பார்க்கப்போறாரு?” றஹீமா சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். “பார்க்கட்டும். கொழும்புச் சாமானுக்கு என்ன பயம்!”

பயம் நப்லானுக்கு இருந்தது. கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார், பிறகு இறுக்கினார், பிறகு கேற்றின் கம்பிகளை எண்ணத் தொடங்கினார்.

கணபதி குடையை விரித்தார். பெட்டியைத் திறந்தார். கல்லில் ஊதினார், வைரத்தில் சட்டென்று கலைய வேண்டிய மூச்சின் பனி சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது, கலைய மனமில்லை. நிழலில் திருப்பினார். சிவப்பு, பச்சை, நீலம் என்று கல் கத்திய கத்தலில் குடையின் உட்புறமே சற்று நிறம் மாறியது. ஹாஜியார் கல்லைப் பார்க்கவில்லை, கணபதியின் கையைப் பார்த்தார். ஜன்னலில் நுஸ்லா, வட்டிலப்பத் தட்டை இன்னும் கீழே வைக்காமல் நின்றாள். நப்லான் கம்பிகளை முதலிலிருந்து எண்ணினார்.

கணபதி குடையை மடக்கினார். மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து, இடது கையால் முழங்கையைத் தாங்கி, றஹீமாவிடம் நீட்டினார். “பி.ஓ.பி., மொதலாளி” என்றார் ஹாஜியாரிடம்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ஹாஜியார். எல்லோரும் உள்ளே போனார்கள். கணபதி கேற்றைச் சாத்திவிட்டு, வலது கையைக் காற்சட்டையில் மூன்று தடவை துடைத்தார்.