டீயில் வளைந்த நைட் கார்டு

மூன்றாவது தடவையும் அந்த நைட் கார்டு வளைந்து திரும்பி வந்தபோது, டாக்டரம்மா அதை என் கையில் கொடுக்கவில்லை. மேஜை மேல் வைத்துத் தள்ளினார்.

"இன்னொரு வாட்டி இப்டி வந்துச்சின்னா நான் மெட்ராஸ்ல குடுத்துக்கிறேன் துரைராஜ். என் பேரு கெட்டுப்போவுது."

எழுபதுகளின் கடைசி அது. நான் எட்டாவதைத் தாண்டாதவன். வேலூரில் ஒரு பல் லேபில் பிளாஸ்டர் கலக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் படித்து, தனியாக லேப் போட்டிருந்தேன். ஒரு பெஞ்ச், ஒரு பாலிஷ் மோட்டார், ஒரு ஸ்டவ். எனக்குக் கேஸ் கொடுத்தது அந்த ஒரு டாக்டரம்மாதான். அவர் நிறுத்தினால் லேபைப் பூட்ட வேண்டியதுதான்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் மேல்வரிசைப் பல்லில் மாட்டிக்கொள்ளும் அக்ரிலிக் உறைதான் நைட் கார்டு. அச்சில் வைத்துக் கொதிநீரில் வேகவைத்துத்தான் அதை இறுக்குவோம். இந்தக் கேஸ் மாதனூர் ஏகாம்பரம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில், தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஷேவிங் மெஷின் ஓட்டுகிறவர். டாக்டரம்மா சொன்னபடி ராத்திரியில் மட்டும்தான் போட்டுக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. கடைவாய்ப் பக்கம் மட்டும் பழுப்பேறி, வெளியே விரிந்திருந்தது. பழுப்பு டீக்கறை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் டீயை உறிஞ்சிக் குடித்தால் கறை முன்னால் அல்லவா பிடிக்க வேண்டும்? யோசித்துப் பிரயோஜனமில்லை என்று மறுநாள் ஆம்பூர் பஸ் ஏறிவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தது டீ நேரம். ஏகாம்பரத்துக்கு முழங்கை வரைக்கும் தோலில் ஊறிய குரோம் மருந்துத் தண்ணீர், நீலமாக. அந்தக் கையால் கிளாஸைத் தொட முடியாது. அண்ணாந்து வாயைத் திறந்தார். டீக்காரர் உயரத்திலிருந்து ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க நேரே கடைவாய்க்குப் போனது. உடனே விழுங்க முடியாமல் அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, பிறகு விழுங்கினார். மெஷின்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் குடித்தார்கள்.

"ஏகாம்பரம், கார்டு வாயில இருக்கும்போதும் இப்டித்தான் குடிக்கிறதா?"

"ஆமாண்ணா, வேலை நேரத்திலயும் போட்டுக்குவேன். மெஷின் ஆட்ற ஆட்டத்துல ராத்திரிய விட ஜாஸ்தி கடிக்கிறேன். அது இருந்தா தாடை வலி கம்மியா கீது."

"டீ குடிக்கும்போது கழட்ட வேணாமா?"

"இந்தக் கையை வாயில உட்டா?" என்றார்.

சரியான கேள்விதான். டாக்டரம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். சொல்லாவிட்டால் என் லேப் மூடிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா நம்பவில்லை. மனுஷன் குடிக்கிற சூட்டுக்கு அக்ரிலிக் வளையாது, நீதான் சரியாக வேகவைக்கவில்லை என்றார். படித்தவர்களோடு வாயால் வாதாடி ஜெயிக்க முடியாது. என் பல்லுக்கே அளவெடுத்து இரண்டு நைட் கார்டு செய்தேன். ஒரே அக்ரிலிக், ஒரே பாத்திரம், ஒரே கொதி. ஒன்றைப் பச்சைத் தண்ணீரில் போட்டுவைத்தேன். இன்னொன்றை வாயில் மாட்டிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய், ஊற்று என்று அண்ணாந்தேன்.

"கைக்கு இன்னா ஆச்சி?" என்றார் மாஸ்டர்.

"கை நல்லாத்தான் கீது. நீ ஊத்து."

ஒரு வாரம், வேளைக்கு இரண்டு கிளாஸ். நாக்கு வெந்து சாம்பார் ருசி கூடத் தெரியவில்லை. எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று தெருவில் பேச்சு. நான் விடவில்லை.

எட்டாம் நாள் இரண்டையும் என் பல்வரிசையின் பிளாஸ்டர் மாடலோடு டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். தண்ணீரில் கிடந்தது மாடல்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. டீ குடித்தது கடைவாயில் தூக்கிக்கொண்டு ஆடியது. டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"ரெண்டும் ஒண்ணா வெந்ததா?"

"ஒரே அடுப்புல டாக்டர்."

டீ குடித்த பீஸை மாடலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "தப்பு என்னுது துரைராஜ். எப்டி டீ குடிக்கிறாருன்னு நான் அந்தாளைக் கேக்கவே இல்ல," என்றார். அந்த வார்த்தையைக் கேட்க நாக்கு இன்னொரு தடவை வெந்தாலும் பரவாயில்லை.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, வேலை நேரத்திலும் போட்டுக்கொள்ள டாக்டரம்மாவே அனுமதித்தார். நான் தோல் ஷாப் மேஸ்திரியிடம் பேசி, மெஷின் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் வைக்கச் செய்தேன். முதலில் கை கழுவணும், அப்புறம் கழட்டணும், அதற்கப்புறம்தான் டீ. நான்காவதாகச் செய்துகொடுத்த பீஸ் வளையவே இல்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். செய்த பொருள் கெட்டுத் திரும்பி வந்தால் பெஞ்சில் உட்கார்ந்து பொருளையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டவன் எங்கே நிற்கிறான், எப்படிக் குடிக்கிறான் என்று போய்ப் பாருங்கள்.

அந்த மாசமே கிளினிக் சுவரில் ஒரு போர்டு ஏறியது: நைட் கார்டு வாயில் இருக்கும்போது பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக்கூடாது. எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று பல் காட்ட வந்த ஒரு வாத்தியார் கேட்டாராம். டாக்டரம்மா சொன்ன பதில்: "புஸ்தகம் இல்லீங்க. எங்க லேப்காரர் குடிச்சிப் பாத்துச் சொன்னது."