பெஞ்சில் இருந்தவளின் குரல்

கல்லூரியில் எல்லோரும் அவளை எடிட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது முப்பத்தெட்டு. மாணவர்கள் எடுத்துவரும் படங்களை வெட்டி ஒட்டி உருப்படியாக்குவது வேலை. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, ஒரு ஹெட்போன், கடகடவென்று சத்தம் போடும் ஏசி. வீட்டுக்குப் போனால் அங்கே ஏசியும் இல்லை, சத்தமும் இல்லை. "நாள் முழுக்கப் படம் பாக்கறதுக்குச் சம்பளம்! கொடுத்துவச்சவ நீ" என்பாள் அண்ணி, மாதத்துக்கு ஒரு தடவை போனில். அந்த ஒரு தடவையும் அண்ணன் குளித்துக்கொண்டிருப்பான்.

இந்த வருடம் மாணவன் ஒருவன் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்பினான். டைரக்டர் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டதால் நாமும் அப்படியே மரியாதையாக அழைப்போம். நாற்பது மணி நேரக் காட்சிகளை அவள் மேஜையில் கொட்டிவிட்டு, "நீங்க பாத்துக்கங்கக்கா" என்று போய்விட்டார் டைரக்டர்.

அதில் ஒரு கூத்து. காலர் மைக் இருந்தது ஒன்றே ஒன்று. அதை மாட்டிக்கொண்டு ஓடினால் ஒரே மோதலில் நொறுங்கிவிடும். ஆகவே நம் மகாபுத்திசாலி அதை ஓடாத ஒருத்தியிடம் மாட்டினார். மாற்று கோல்கீப்பர், ஆறு ஆட்டத்திலும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்காத பெண். ஆடியவர்கள் எல்லாம் ஊமைப்படம், சும்மா இருந்தவளின் முணுமுணுப்பு மட்டும் துல்லியம்.

மூன்று வாரம் எடிட்டர் அக்கா அதைக் கேட்டாள். அந்தப் பெண் தனக்குத்தானே வர்ணனை சொல்வாள். "நடுவர் ஓடறாரா, நடுவர் தொப்பை ஓடுதா?" என்று கேட்டுத் தானே சிரிப்பாள். எதிரணி கோல் போட்டால், "நானா இருந்தா பிடிச்சிருப்பேன்" என்பாள். கொஞ்சம் கழித்து, "ஆமா, கிழிச்சேன்" என்பாள். எடிட்டர் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பதில்கூடச் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் சீக்கிரம் வந்து, டீ ஆறுவதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். வேலைக்கு வருவதுபோல் இல்லை, சிநேகிதி வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது. பொய் சொல்வானேன், அந்த மூன்று வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஐந்தாவது ஆட்டத்தில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "முட்டி வலி உயிர்போகுது. கோச்சுக்குத் தெரிஞ்சா அடுத்த வருஷம் பெஞ்சுகூட கிடையாது. வாயத் தொறக்காத."

அன்று எட்டிப்பார்க்க வந்த டைரக்டர் ஹெட்போனை வாங்கிக் கேட்டுத் துள்ளினார். "இதுதான்க்கா படத்தோட உயிரே!"

"அவ உன்கிட்ட சொன்னாளா? மைக் இருக்கறத மறந்துட்டு தனக்குத்தானே சொல்லிக்கிட்டது. வைக்கமாட்டேன்."

"படம் என்னோடதுக்கா."

"கை என்னோடது. வேணும்னா நீயே உக்காந்து வெட்டு."

டைரக்டருக்கு வெட்டத் தெரியாது. அந்த வாக்கியம் போயிற்று. வெட்டிய தடம் தெரியாதபடி கூட்டத்தின் இரைச்சலைப் போட்டு மூடினாள். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவளுக்கு இரண்டு நாள் தாங்கியது.

மூன்றாம் நாள் கேன்டீனில் டீயோடு திரும்பினால், எதிரே அந்தப் பெண்ணே நிற்கிறாள். திரையில் பார்த்ததைவிடக் குட்டை. எடிட்டர் அக்காவுக்கு முகமெல்லாம் பல். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது நினைவிலேயே இல்லை.

"என்னடி, முட்டி வலி எப்படி இருக்கு?"

பெண் திருதிருவென்று விழித்தாள். அவளுக்குப் பின்னால் டீயை ஊதிக்கொண்டிருந்த கோச் நிமிர்ந்தார். "என்ன முட்டி வலி?"

ஹெட்போனோடு பேசிப் பழகியவளுக்கு, வெளியே பேசினால் மற்றவர் காதிலும் விழும் என்பது மறந்துபோயிருந்தது. படத்தில் அத்தனை பக்குவமாக வெட்டியதை வாயில் வெட்டாமல் விட்டுவிட்டாள். "ஒண்ணுமில்ல சார், வேற யாரோன்னு..." என்று மழுப்பினாள். கோச் விடவில்லை.

"குத்துக்கால் போட்டு உக்காந்து எழு, பாப்போம்."

பெண் உட்கார்ந்தாள். எழுந்திருக்க மேஜையைப் பிடித்தாள்.

இரண்டு நாள் கழித்து அவள் எடிட்டிங் அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றாள்.

"ஸ்கேன் எடுத்தாங்க. டீம்ல இல்லன்னுட்டாங்க."

"என்னாலதான். மன்னிச்சிடும்மா."

"மறைச்சது என் தப்பு. அது இல்லக்கா விஷயம். யாருக்கும் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சுப் பாத்தேன். மைக்கு." மேஜையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள். "எல்லாத்தையுமா கேட்டீங்க?"

"கேட்டேன்."

"பாட்டுப் பாடினதையும்?"

"ம்."

அவள் முகம் சுருங்கியது. "நான் தனியா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நீ இருந்ததால்தான் நான் தனியாக இல்லை என்று சொல்ல எடிட்டர் அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"நான் பேசின எல்லாத்தையும் அழிச்சிடுங்க. என் கண் முன்னாடி."

அழித்தாள். டைரக்டர் குதிப்பார், குதிக்கட்டும். பிரதி எடுத்து வைத்திருந்த டிஸ்கிலும் ஒவ்வொரு ஆட்டமாக ஆறையும் அழித்தாள். பெண் கடைசிவரை பார்த்துவிட்டுத் திரும்பினாள். இனி மறைக்க வேண்டியதில்லை என்பதால் நன்றாகவே நொண்டிக்கொண்டு போனாள்.

குரல் போய், பெஞ்ச் காட்சி மட்டும் மிச்சம் இருந்தது. எடிட்டர் அக்கா அதை ஓட்டினாள். சத்தமில்லாமல் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. எந்த அசைவுக்கு என்ன வார்த்தை என்பது அவளுக்கு மனப்பாடம். ஒட்டுக்கேட்பதுபோல் கூச்சமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.